கை ஓடாத நாட்களில் மெய்நிகர் துணிக்கடையை நடத்துவது எப்படி?

குன்னூரிலோ கொடைக்கானலிலோ ஒரு மாடி அறையில் உட்கார்ந்து, செகண்ட் லைஃப் என்ற இணைய மெய்நிகர் உலகில் உலவும் அவதார்களுக்குச் சட்டையும் ஜாக்கெட்டும் செய்து விற்கிறவர்களுக்கு ஒரு கட்டத்தில் கை ஓடாமல் போகும். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளைத் திறந்து வைத்துவிட்டு அரை மணி நேரம் மவுஸை வெறுமனே உருட்டிக்கொண்டிருப்பீர்கள். ஐடியா வற்றிப்போச்சு என்றுதான் முதலில் தோன்றும். பெரும்பாலும் ஐடியா பத்திரமாகத்தான் இருக்கும். ஒரே சட்டையை ஆறு வகை அவதார் உடலுக்குப் பொருத்தி, இருபது நிறத்தில் பெட்டி கட்டி, நடுராத்திரியில் ஈவென்ட்டில் (பல கடைகள் சேரும் தற்காலிகச் சந்தையில்) மாட்டி, ஓய்ந்துபோனது கை. இந்த நிலையில் பத்து நாள் லீவு போட்டால் பதினோராம் நாள் அதே பெட்டிகள் காத்துக்கொண்டிருக்கும். முதலில் வேலையின் அளவை வெட்ட வேண்டும், பிறகு ஓய்வு. இந்த வரிசை மாறினால் ஓய்வு வீண்.

எது ஓய்ந்திருக்கிறது?

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்ற நோய் வகைப்பாட்டில் பர்ன் அவுட்டை நோய் என்று வைக்கவில்லை. வேலை சார்ந்த நிலை என்றுதான் வைத்திருக்கிறது. அடையாளம் மூன்று: சக்தி வற்றுதல், வேலைமேல் வெறுப்பும் விலகலும், நாம் செய்வது எதுவும் உருப்படியில்லை என்ற எண்ணம். துணிக்கடைக்காரர்களுக்கு மூன்றும் ஒன்றாக வருவதில்லை. அதனால் எது முதலில் வந்தது என்று பார்ப்பது உதவும்.

பத்து வேலை நாட்களுக்கு ஒரு நோட்டில் நான்கு பத்தி போடுங்கள்: உருவம் (வரைவது, மார்வெலஸ் டிசைனர் என்ற துணி மென்பொருளில் வெட்டித் தைப்பது), ரிக்கிங் (துணியை அவதாரின் எலும்புகளோடு இணைப்பது), டெக்ஸ்சர் (துணியின் மேற்பரப்புப் படம்), கடை. பெட்டி கட்டுவது, விளம்பரப் படம், வாடிக்கையாளர் செய்தி, ஈவென்ட் எல்லாம் கடைப் பத்தியில் போகும். கால் மணிக்கு ஒரு கோடு. ஆப் எதுவும் வேண்டாம், ஆப் தேடுவதிலேயே ஒரு நாள் போய்விடும்.

ரிக்கிங்கும் கடையும் சேர்ந்து மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தின்றிருந்தால் பிரச்சினை சுமை. உருவத்துக்கும் டெக்ஸ்சருக்கும் நேரம் கிடைத்தும், செய்ததெல்லாம் பழசாகவே தெரிந்தால் ஓய்ந்தது கண். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. கீழே தனித்தனியாக வருகிறது. இரண்டு வாரமாகத் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, கடைக்குச் சம்பந்தமில்லாத விஷயங்களும் பிடிக்கவில்லை என்றால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு 14416-ஐ அழையுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் அது; கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம், மலையிறங்கிப் போக வேண்டிய அவசியமும் இல்லை.

கணக்கைப் பார்த்துவிட்டு வெட்டுங்கள்

இந்தத் தொழிலில் ஏன் எல்லாரும் அளவுக்கு மீறி உழைக்கிறார்கள் என்பதற்கு விலைப்பட்டியலே பதில். செகண்ட் லைஃபின் பணமான லிண்டன் டாலர் சுமார் 250 சேர்ந்தால்தான் ஓர் அமெரிக்க டாலர். ஒரு சட்டையை ஒரு நிறத்தில் 250-க்கு விற்றால், மார்க்கெட்பிளேஸ் (செகண்ட் லைஃபின் இணையச் சந்தை) கமிஷன் 10 சதவீதம் போக, ஒரு டாலர்கூடக் கைக்கு வராது. எண்ணிக்கைதான் சோறு போடும் என்று எல்லாரும் புதுச் சரக்கை அடுக்கிக்கொண்டே போகிறார்கள்.

ஒரு சட்டை, ஆறு உடல், இருபது நிறம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிறமும் ஒரு பெட்டி, ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஆறு உடலுக்கான உருப்படி. கூடவே ஒரு ஃபேட்பேக் (எல்லா நிறமும் சேர்ந்த பெட்டி), ஒரு டெமோ (வாங்குமுன் உடுத்திப் பார்க்கும் மாதிரி). மொத்தம் 22 பெட்டி, 132 உருப்படி. ஒவ்வொன்றிலும் பெயர் சரியா, அனுமதி சரியா என்று பார்க்க வேண்டும். மாதம் மூன்று ஈவென்ட் பிடித்தால் வருடத்துக்கு 36 புது உருவம். இதை ஒற்றை ஆள் செய்தால் கை ஓயாமல் என்ன செய்யும்?

வெட்ட வேண்டிய முதல் இடம் உடல் எண்ணிக்கை. ஆறை மூன்றாக்குங்கள். எந்த மூன்று என்பதை விற்பனைக் கணக்கு சொல்லாது, ஏனென்றால் ஒரே பெட்டியில் எல்லா அளவும் போகிறது. வாங்கியவர் எதை உடுத்தினார் என்று உங்களுக்குத் தெரியாது. கடையின் வாடிக்கையாளர் குழுவில் ஒரு வாக்கெடுப்பு வையுங்கள், ஒரு வாரம் போதும். மெய்ட்ரேயா, லெகசி, ரீபார்ன் என்றுதான் பலருக்கும் பதில் வரும். உங்கள் வாடிக்கையாளர் வேறு சொன்னால் அவர்கள் பேச்சைக் கேளுங்கள். கைவிடுகிற உடலுக்குப் பழைய சரக்கை விற்றுக்கொண்டே இருக்கலாம். புதியதில் மட்டும் நிறுத்துங்கள்.

இரண்டாவது, தனி நிறப் பெட்டிகள். ஃபேட்பேக் ஒன்று, எட்டு நிறம், நிறம் மாற்ற ஒரு ஹட் (திரையில் வரும் பொத்தான் பலகை), ஒரு டெமோ. 22 பெட்டி 2 ஆகிவிடும். ஒற்றை நிறம் வாங்குகிறவர்கள் சிலர் முணுமுணுப்பார்கள். விலையைத் தனி நிறத்தைப்போல இரண்டரை மடங்கு அளவில் வைத்தால் பாதிப் பேர் சமாதானமாகிவிடுவார்கள்.

மூன்றாவது ஈவென்ட். ஒப்புக்கொண்ட ரவுண்டை நடுவில் விட்டு ஓடாதீர்கள். கடைசி நாளில் காலி இடம் விட்டுப்போன கடையை ஈவென்ட் நடத்துகிறவர்கள் மறப்பதில்லை, அடுத்த விண்ணப்பத்தில் அது தெரியும். முடிக்க வேண்டியதை முடித்துவிட்டு, அடுத்த ரவுண்ட் தொடங்க ஒரு மாதம் இருக்கும்போதே விலகுவதாக ஒரு நோட்கார்டு (செகண்ட் லைஃபுக்குள் அனுப்பும் குறிப்பு) அனுப்பினால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. மாதம் ஒன்று மட்டும் வைத்தால் வருடத்துக்கு 12. அதுவே ஒரு ஆளுக்கு அதிகம்.

முன்பணம் வாங்கிய கஸ்டம் ஆர்டர்களில் இன்னும் தொடங்காததைப் பணத்தோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தலைக்குள் உட்கார்ந்து அரிப்பதில் இதற்கு ஈடு எதுவும் இல்லை.

அக்குளில் மாட்டிக்கொண்டால்

சோர்ந்த கை எங்கே முதலில் தடுமாறும் என்றால், சட்டையின் அக்குளில். அவதார் கையைத் தூக்குகிறது. துணி மார்புக்குள் புதைகிறது, தோள் தோல் வெளியே எட்டிப்பார்க்கிறது. காரணம் எப்போதும் ஏறக்குறைய ஒன்றுதான்: அவதாரின் மேற்கை எலும்பின் வெயிட் (எலும்பு அசையும்போது துணி எவ்வளவு கூடவே அசையும் என்ற அளவு) ஒரே வரிசை விளிம்பில் 1-லிருந்து 0-க்குத் தடாலென்று விழுந்திருக்கும். அதை மூன்று வரிசைக்குப் பரப்ப வேண்டும். முதல் வரிசையில் மேற்கைக்கு 0.75, அடுத்ததில் 0.5, அதற்கடுத்ததில் 0.25, மீதியைக் காலர் எலும்பும் நெஞ்செலும்பும் பங்கிட்டுக்கொள்ளட்டும். அக்குளில் மூன்று வரிசையே இல்லாத மெஷ் (முப்பரிமாண உருவம்) என்றால் எவ்வளவு பூசினாலும் சரிவராது, முதலில் வரிசை சேருங்கள்.

நல்ல நாளில் இது இருபது நிமிட வேலை. கெட்ட நாளில் என்ன ஆகும் என்றால், ஸ்மூத் தூரிகையை எடுத்துப் பூசுவீர்கள், இடது பக்கம் சரியாகும், வலது பக்கம் கெடும், மறுபடி பூசுவீர்கள், முதுகு இழுக்கும். மூன்று மணி நேரம் போயிருக்கும். அதனால் கடிகாரம் வையுங்கள். 25 நிமிடத்தில் சரியாகவில்லை என்றால் பூச்சை நிறுத்தி, ஃபைலைப் புது எண்ணில் சேமித்து, அந்தப் பகுதியின் வெயிட்டை முழுக்க அழித்துவிட்டு, உடலைச் செய்தவர் கொடுக்கும் டெவலப்பர் கிட்டிலிருந்து பிளெண்டரின் டேட்டா டிரான்ஸ்ஃபர் மூலம் புதிதாக எடுங்கள். வகை: அருகிலுள்ள முகம், இடைக்கணிப்போடு. பிறகு ஒரு முறை ஸ்மூத், ஒரு புள்ளிக்கு அதிகபட்சம் 4 எலும்பு என்ற வரம்பு, கடைசியில் நார்மலைஸ். நாலுக்கு மேல் போனால் செகண்ட் லைஃப் தானாக வெட்டும், பிளெண்டரில் பார்த்தபோது ஒழுங்காக இருந்த தோள் உள்ளே போனதும் கோணுவது அதனால்தான். ஏற்றிப் பார்ப்பதற்குச் செகண்ட் லைஃபின் சோதனைக் களமான அதிதியைப் பயன்படுத்துங்கள். அங்கே செலவாவது உண்மையான பணம் இல்லை. டெக்ஸ்சருக்கு லோக்கல் டெக்ஸ்சர் வசதி இருக்கிறது. கணினியில் ஃபைலைச் சேமித்த உடனே அவதார்மேல் மாறும், 10 லிண்டன் டாலர் ஏற்றுகூலியும் மிச்சம். சோர்வான நாளில் பத்துப் பத்தாகக் கரைவது தெரியவே தெரியாது.

இன்னொன்று. சாயங்காலத்துக்குமேல் பெட்டி கட்டாதீர்கள். தூக்கக் கண்ணோடு அடுத்த உரிமையாளர் அனுமதியில் காப்பியும் டிரான்ஸ்ஃபரும் சேர்ந்து டிக் ஆகிவிட்டால், வாங்கிய முதல் ஆள் உங்கள் சட்டையை ஊருக்கே விற்கலாம்; விற்றுப்போனதைத் திரும்பப் பிடிக்க வழியில்லை. டெமோ பெட்டிக்குள் அசல் சட்டை போய்விடுவதும் இதே நேரத்தில் நடக்கிற விபத்துதான்.

மூன்று வாரம் மூடாமல் மூடுவது

வேலையை வெட்டியாயிற்று என்றால் இப்போது ஓய்வு. மூன்று வாரத்துக்குக் குறைந்தால் பயனில்லை. முதல் வாரம் கடை ஞாபகத்திலேயே போய்விடும். கடைக்குப் பூட்டுப் போட வேண்டாம், வெண்டரும் (கடையிலுள்ள விற்பனைப் பலகை) மார்க்கெட்பிளேஸும் தாமாக விற்கும், வாங்கியது கைக்கு வராதவர்களுக்கு ரீடெலிவரி பெட்டியும் தானாகக் கொடுக்கும். நீங்கள் கவனிக்க வேண்டியது நான்கைந்து விஷயம்.

கடை நிற்கும் மெய்நிகர் நிலத்தின் வாடகையை ஐந்து வாரத்துக்கு முன்கூட்டியே கட்டிவிடுங்கள். வாடகைப் பெட்டியின் கெடு தீர்ந்தால் நிலத்துக்காரர் உங்கள் பொருட்களைத் திருப்பி அனுப்பிவிடுவார். கடை முழுவதும் ஒரே மூட்டையாக உங்கள் லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட் கோப்புறையில் வந்து விழும். அதைப் பிரித்து மறுபடி அடுக்குவது புதுக்கடை போடுவதைவிடக் கொடுமை.

ஆஃப்லைனில் வரும் செய்திகளுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு, நிறைந்தபின் வருவது காணாமல் போகும். மின்னஞ்சலுக்கு அனுப்பும்படி அமைத்து, அதற்கென ஒரு தனிக் கோப்புறையில் விழச் செய்யுங்கள். தானியங்கிப் பதிலை நம்பாதீர்கள், அது நீங்கள் உள்ளே இருக்கும்போதுதான் வேலை செய்யும். புரொஃபைலின் முதல் வரியிலேயே திரும்பும் தேதியையும், பொருள் வராதவர்கள் பெயர், பொருள், வாங்கிய தேதி, பரிவர்த்தனை எண் நான்கையும் நோட்கார்டில் போடச் சொல்லியும் எழுதிவையுங்கள். இதே நான்கு வரியைக் கடை வாசலிலும் மாட்டுங்கள்.

வருமானம் அடியோடு படுத்துவிடாமல் இருக்க, பழைய சரக்கில் ஐந்தாறை எடுத்து வார இறுதித் தள்ளுபடி விற்பனைகளில் போடலாம். 60, 75 லிண்டன் டாலர் என்று போகும். சிலவற்றில் புதுச் சரக்கு மட்டும்தான் ஏற்பார்கள், விதியைப் படித்துவிட்டுச் சேருங்கள். போகும் முன்பே மூன்று வாரத்துக்குமான விளம்பரப் படத்தையும் செய்து கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இது ஓய்வே இல்லை.

கலிஃபோர்னியா நேரமும் மலைக்காலமும்

செகண்ட் லைஃப் கடிகாரம் கலிஃபோர்னியாவுடையது. நமக்கும் அதற்கும் கோடையில் 12.30 மணி, குளிர்காலத்தில் 13.30 மணி வித்தியாசம். அங்கே நண்பகலில் திறக்கும் ஈவென்ட் நமக்கு இரவு 12.30 அல்லது 1.30. ஐரோப்பிய வாடிக்கையாளர்கள் வருவதும் நம் நடுராத்திரியில்தான். இரண்டையும் பிடிக்க விழித்திருப்பதுதான் இங்குள்ள கடைக்காரர்களின் தூக்கத்தைக் கெடுக்கிறது. பொருளை முந்தைய நாளே மாட்டிவிட்டுத் தூங்குங்கள். திறக்கிற நிமிடத்தில் நீங்கள் அங்கே நிற்பதால் ஒரு சட்டைகூட அதிகமாக விற்காது. வாடிக்கையாளருக்கு என்று காலை 8 முதல் 8.30 வரை வையுங்கள். எந்தப் பருவத்திலும் அது அமெரிக்காவின் மேற்குக் கரையில் மாலை நேரம், கேள்வி கேட்டவர் பெரும்பாலும் உள்ளேயே இருப்பார்.

மலையின் மழைக்காலத்தையும் நாட்காட்டியில் எழுதுங்கள். ஊட்டி, கூடலூர் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை. மரம் விழுந்தால் கம்பி அறும், மின்சாரம் எப்போது வரும் என்று கேட்கக்கூடாது. கோத்தகிரி, குன்னூர், கொடைக்கானலுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு. சிக்கல் என்னவென்றால் ஹாலோவீனும் கிறிஸ்துமஸும் அந்த மாதங்களில்தான், செகண்ட் லைஃபில் நல்ல விற்பனைக் காலம். கிழக்குச் சரிவில் இருக்கிறவர்கள் ஆண்டு இறுதிச் சரக்கை செப்டம்பர் 20-க்குள் பெட்டியோடு முடித்துவிட வேண்டும். ஏப்ரல், மே சீசனில் வேறு கதை: சாலை நிறைய வண்டி, வீடு நிறைய சொந்தக்காரர்கள். "சும்மா கம்ப்யூட்டர்லதானே இருக்கே, அவங்களைப் பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போ" என்பார்கள். மே மாதத்தில் ஈவென்ட் எதுவும் ஒப்புக்கொள்ளாமல் இருப்பதே மரியாதை.

மின்வெட்டில் ஃபைல் போவது சோர்வைப் பல மடங்காக்கும். பிளெண்டரின் அமைப்பில் சேவ் வெர்ஷன்ஸ் (வைத்துக்கொள்ளும் பழைய நகல்களின் எண்ணிக்கை) 1 என்றிருக்கும், 10 ஆக்குங்கள். ஆட்டோ சேவ் 2 நிமிடத்திலேயே இருக்கட்டும். கிராஃபிக்ஸ் கார்டு உள்ள மேசைக் கணினிக்கு 1 கேவிஏ யுபிஎஸ் சில நிமிடம்தான் தாங்கும், சேமித்து அணைக்க அது போதும். லேப்டாப்பும் ரவுட்டரும் சேர்ந்து சுமார் 100 வாட் என்றால், நல்ல நிலையிலுள்ள 150 ஏஎச் பேட்டரி இன்வெர்ட்டர் ஒரு வேலை நாளைத் தாங்கும்.

டிசம்பர், ஜனவரியில் விரல் விறைத்த நிலையில் வெயிட் பூசவே கூடாது. வெந்நீரில் இரண்டு நிமிடம் கையை வைத்து எடுத்துவிட்டு உட்காருங்கள், அல்லது அந்த வேலையைப் பதினோரு மணிக்குத் தள்ளுங்கள்.

ஓய்ந்தது கண் என்றால்

கண் ஓய்வதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றே: மற்ற கடைகளின் விளம்பரப் படத்தைத் தவிர வேறெதையும் மாதக்கணக்கில் பார்க்காதது. எல்லாரும் எல்லாரையும் பார்த்துச் செய்வதால் எல்லாச் சட்டையும் ஒன்றுபோலவே ஆகிவிடுகிறது. மூன்று வாரத்தின் இரண்டாம் பாதியில் துணியைத் துணியாகப் பாருங்கள்.

கடைத்தெருவில் அரை மீட்டர் கம்பளித் துணியும் அரை மீட்டர் பருத்தியும் வாங்கி, இரண்டையும் நாற்காலி முதுகில் போடுங்கள். கம்பளி உருண்டு, பெரிதாக, இரண்டே மடிப்பாக விழும். மெல்லிய பருத்தியில் ஏழெட்டு கூர்மையான மடிப்பு வரும். ஜன்னல் வெளிச்சத்தில் பக்கவாட்டிலிருந்து படம் எடுத்து வையுங்கள். பனிமூட்ட நாளின் வெளிச்சத்தில் நிழலே விழாது, அப்போது எடுத்த படத்தில் மடிப்பு தெரியாமல் தட்டையாக இருக்கும். வெயில் வந்த அரை மணியைப் பிடியுங்கள். மார்வெலஸ் டிசைனரில் உங்கள் கம்பளி ஜாக்கெட் ஏன் பாலிதீன் பைபோல நொறுங்குகிறது என்பது இந்த இரண்டு படத்தைப் பார்த்தாலே புரியும்.

நீலகிரிப் பழங்குடியான தோடர்களின் எம்பிராய்டரிப் போர்வையான பூத்துக்குளியைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். வெளுக்காத வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமான நூல். வரைந்துகொள்வதில்லை, இழையை எண்ணியே பெண்கள் போடுகிறார்கள். கிட்டே பார்த்தால் ஒவ்வொரு பட்டையும் எண்ணிக்கையில் நிற்கிறது. அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தக் கட்டுப்பாட்டை. வடிவத்தை ஸ்கேன் செய்து டெக்ஸ்சராக்கி விற்காதீர்கள். தோடர் எம்பிராய்டரிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, அது அந்தச் சமூகத்தின் உடைமை.

பயிற்சி இப்படி: பழைய மெஷ் ஒன்றை எடுங்கள், புதிதாக எதுவும் செய்யக்கூடாது. 512 பிக்சல் டெக்ஸ்சர், இரண்டே நிறம், எண்ணிப் போட்ட கோடுகள் மட்டும். நிறத்தை வெளியிலிருந்து எடுங்கள்: துருப்பிடித்த தகரக் கூரையில் பாசி ஏறிய இடம், கவாத்து வெட்டிய தேயிலைச் செடியின் சாம்பல் கிளை. நாளுக்கு ஒரு மணி நேரம், ஏழு நாள், லோக்கல் டெக்ஸ்சராக மட்டும். இதில் எதையும் விற்பதில்லை என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். அந்த முடிவு இல்லாவிட்டால் மூன்றாம் நாளே விலை போட மனசு ஓடும், பயிற்சி மறுபடி கடை வேலையாகிவிடும்.

நடையும் வேண்டும். கொடைக்கானல் ஏரியைச் சுற்றினால் சுமார் 5 கிலோமீட்டர். ஃபோனை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

திரும்பி வரும் முதல் சரக்கு

ஒரு சட்டை. மூன்று உடல், எட்டு நிறம், ஒரு ஃபேட்பேக், ஒரு டெமோ. ஈவென்ட்டில் போடாமல் உங்கள் சொந்தக் கடையில் மட்டும். ஒரு நாள் காலையில் பெட்டி கட்டுங்கள், அன்று விற்பனைக்கு வைக்காதீர்கள். மறுநாள் காலை இரண்டாவது அவதார் கணக்கில் நுழைந்து, டெமோவை வாங்கி உடுத்தி, கையைத் தூக்கி, உட்கார்ந்து, நடனமாடிப் பாருங்கள். பிறகு அதே கணக்கில் ஃபேட்பேக்கையும் வாங்குங்கள், பணம் உங்கள் பையிலிருந்து உங்கள் பைக்கே வரும். காப்பி வருகிறதா, டிரான்ஸ்ஃபர் மறுக்கப்படுகிறதா, ஹட்டில் எட்டு நிறமும் மூன்று உடலிலும் மாறுகிறதா என்று பார்த்துவிட்டு, புரொஃபைலின் முதல் வரியில் இருக்கும் திரும்பும் தேதியை அழித்துவிட்டு, குழுவுக்கு அறிவிப்பு அனுப்புங்கள். காலை எட்டு மணிக்கு அனுப்பினால் போதும்.